கசெந்தீனோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஃபுளோரன்ஸுக்குப் போய் ஆர்னோ நதியைப் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிட்டு வருபவர்கள் ஏராளம். அந்த நதி புறப்பட்டு வரும் காட்டுப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் சொற்பம். அதன் பெயர் கசெந்தீனோ. டஸ்கனி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், அப்பெனைன் மலைத்தொடருக்கு அடியில் இருக்கிறது. ஒரு பக்கம் கமால்டொலி என்ற துறவு மடம், இன்னொரு பக்கம் புனித பிரான்சிஸ் அசிசியார் இயேசுவின் ஐந்து சிலுவைக் காயங்களைத் தன் உடலில் பெற்றதாக நம்பப்படும் லா வெர்னா மலை. இரண்டையும் காரில் ஒரே நாளில் தொட்டுவிட்டு வந்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் அது வீண். குறைந்தது மூன்று இரவு ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் வரைபடம்

கிளம்புவதற்கு முன் நில அமைப்பை மனத்தில் பதிய வைத்துக்கொள்வது நல்லது. பள்ளத்தாக்கின் வடக்கே ஃபால்தெரோனா மலை (1,654 மீட்டர்). அதன் தெற்குச் சரிவில், சுமார் 1,358 மீட்டர் உயரத்தில், ஆர்னோ ஊற்றெடுக்கிறது. அங்கிருந்து ஃபுளோரன்ஸ் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நதி அந்தப் பக்கம் போவதில்லை. மேற்கே பிராத்தோமாஞ்ஞோ என்ற நீண்ட மலை குறுக்கே நிற்பதால், தென்கிழக்காக இறங்கி, அரெட்சோ நகரத்துக்குக் கிட்ட வந்து சட்டென்று திரும்பி, அந்த மலையைச் சுற்றிக்கொண்டு வடமேற்கே ஃபுளோரன்ஸை நோக்கிப் போகிறது. மொத்தம் 241 கிலோமீட்டர் ஓடிப் பிசா அருகே கடலில் கலக்கிறது. திரும்புவதற்கு முன் அது ஓடும் முதல் பகுதிதான் கசெந்தீனோ.

கிழக்கு விளிம்பில் இருக்கும் முகடுதான் நீர்பிரி மேடு. அதைத் தாண்டினால் ரொமாஞ்ஞா பகுதி. அந்தப் பக்க ஓடைகள் ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகின்றன. கொஞ்சம் தெற்கே, லா வெர்னா நிற்கும் மலையின் ஒரு பக்கத்து மழை ஆர்னோவுக்கு, மறுபக்கத்து மழை ரோம் நகரத்தின் டைபர் நதிக்கு. ஆக, மடங்கள் இரண்டும் நீர் பிரியும் உயரங்களை ஒட்டியே இருக்கின்றன. கீழே வயலும் ஊரும் கோட்டையும். 800 மீட்டருக்கு மேல் காடும் துறவிகளும். அங்கே போகும்போது இந்த அடுக்கு நினைவில் இருந்தால் போதும், வழி தவறாது.

எந்த மாதம்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை பீச் (beech) என்ற காட்டு மரங்கள் மஞ்சளும் செம்பும் ஆகும். அழகுக்காகப் போகிறவர்கள் அந்தச் சமயத்தில்தான் போகிறார்கள், அதனால் வாரக் கடைசியில் கூட்டம் உண்டு. செப்டம்பர் கடைசியில் செந்நிற மான்களின் இணைதேடும் கர்ஜனை இரவில் மலையெங்கும் கேட்கும். அமைதி வேண்டும் என்றால் மே மாதம். இளம் பச்சை, மூடுபனி, கூட்டமில்லாத பாதை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தில் இத்தாலி முழுவதும் விடுமுறை. அறை கிடைப்பது கஷ்டம். குளிர்காலத்தில் பனி விழும். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல மலைச் சாலைகளில் பனிக்கான டயரோ சங்கிலியோ இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது.

போய்ச் சேர்வது

விசா விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அப்புறம் ஃபுளோரன்ஸிலிருந்து ரயிலில் அரெட்சோ. சாதாரண வண்டியில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். அரெட்சோவில் இறங்கி அதே நிலையத்திலிருந்து ஒரு சிறிய ரயிலுக்கு மாற வேண்டும். ஆர்னோவை ஒட்டியே மேலேறி ஸ்தியா என்ற ஊரில் முடியும் பாதை அது, 1888-இல் திறந்தது. இதை நடத்துவது தேசிய ரயில் நிறுவனம் அல்ல, எனவே டிக்கெட் தனியாக எடுக்க நேரலாம். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் மேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாத டிக்கெட் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான், அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

இந்த வண்டி பிப்பியேனா, போப்பி, பிராத்தோவெக்கியோ, ஸ்தியா ஆகிய ஊர்களைத் தொடும். நதி இடது பக்கமா வலது பக்கமா என்று பார்த்துக்கொண்டே போனால் பள்ளத்தாக்கின் முழு நீளமும் விளங்கிவிடும். காரில் போகிறவர்கள் ஃபுளோரன்ஸிலிருந்து கொன்சூமா கணவாய் வழியாகவும் வரலாம். 1,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் வளைவுச் சாலை. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஃபுளோரன்ஸ் நகர மையத்தில் வெளியூர் வண்டிகளுக்குத் தடை செய்யப்பட்ட பகுதிகள் உண்டு. கேமரா படம் எடுத்து வாடகை நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். காரை விமான நிலையத்தில் எடுப்பதே உத்தமம்.

கார் இல்லாமல் முடியுமா? முடியும், பொறுமை வேண்டும். பிப்பியேனாவிலிருந்து கமால்டொலிக்கும் லா வெர்னா அடிவாரத்துக்கும் பேருந்து போகிறது. நாளுக்குச் சில நடைகள்தான், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு, பள்ளி விடுமுறைக் காலத்தில் நேரமும் மாறும். முதல் நாளே நிலையத்தில் கால அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்து எப்போது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தங்குவதற்கு பிப்பியேனா அல்லது போப்பி வசதி. மடங்களிலும் விருந்தினர் இல்லம் உண்டு. கமால்டொலியின் கீழ் மடத்திலும் லா வெர்னாவிலும் எந்த மதத்தாரும் தங்கலாம். அறை எளிமையாக இருக்கும், சாப்பாட்டு நேரம் கறாராக இருக்கும். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஒரு இரவாவது மலை மேல் தங்குங்கள் என்பேன். பேருந்துக் கூட்டம் இறங்கிப் போன பிறகுதான் அந்த இடங்கள் எதற்காகக் கட்டப்பட்டன என்பது புரிகிறது.

முதல் நாள்: கீழே

நேராக மலைக்கு ஓட வேண்டாம். முதல் நாளைப் பள்ளத்தாக்கின் தரைக்குக் கொடுங்கள். பிராத்தோவெக்கியோவுக்கு மேலே ரோமேனா என்ற இடத்தில் புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. ஓவியமும் தங்கமும் இல்லாத வெறும் கல். உள்ளே ஒரு தூணின் தலைப்பில் 1152 என்ற ஆண்டோடு, பஞ்ச காலத்தில் கட்டப்பட்டது என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். பஞ்சத்தில் ஊர் தன் கோயிலைக் கட்டியிருக்கிறது. தலைப்புகளில் செதுக்கிய முகங்களை அதை நினைத்துக்கொண்டு பாருங்கள். பக்கத்துக் குன்றில் ரோமேனா கோட்டை. 13-ஆம் நூற்றாண்டில் ஆதாமோ என்ற ஆசாமி இங்கே கள்ளப் பொற்காசு அடித்து, பிடிபட்டு, 1281-இல் உயிரோடு எரிக்கப்பட்டான்.

அங்கிருந்து போப்பிக்குப் போகும் வழியில் உள்ள சமவெளி கம்பால்தீனோ. 1289 ஜூன் 11 அன்று ஃபுளோரன்ஸ் படையும் அரெட்சோ படையும் இங்கே மோதின. அரெட்சோ பக்கம் போரிட்டு மடிந்தவர்களில் அந்நகர ஆயரும் ஒருவர். அக்காலத்தில் ஆயர் என்றால் நிலமும் படையும் வைத்திருந்த பிரபு. எதிர்ப்பக்கக் குதிரைப்படையில் இளைஞர் ஒருவர் இருந்தார், பின்னாளில் பெருங்கவிஞரான தாந்தே. சாலையோரம் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது, அவ்வளவுதான். மேலே போப்பி கோட்டை, குவீதி பிரபுக்களுடையது; நேரம் இருந்தால் ஏறிப் பாருங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை.

இரண்டாம் நாள்: கமால்டொலி

ரவென்னா நகரத்துப் பிரபுக் குடும்பத்தில் பிறந்த ரோமுவால்து 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் காட்டுக்கு வந்து ஐந்து குடில்களும் ஒரு சிற்றாலயமும் அமைத்தார். 2012-இல் மடம் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. அவர் செய்த ஏற்பாடு சுவாரசியமானது. மேலே, சுமார் 1,100 மீட்டரில், தனிமையில் வாழும் துறவிகளுக்கான வனக்குடில்கள். கீழே, சுமார் 800 மீட்டரில், வருகிறவர்களுக்குச் சோறும் படுக்கையும் தரும் இல்லம். மேலே இருப்பவர்களின் அமைதி கெடாமல் இருக்கக் கீழே இருப்பவர்கள் உலகத்தைத் தாங்கிக்கொண்டார்கள். கீழ் இல்லம் பிறகு முழு மடமாக வளர்ந்தது. இன்றும் அந்த இரட்டை அமைப்புதான்.

பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: காலையில் கீழ் மடம். அதன் ஆலயத்தில் வசாரி என்ற ஓவியர் இளம் வயதில் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. ஒட்டினாற்போல் 16-ஆம் நூற்றாண்டு மருந்தகம், மரப் பெட்டிகளும் பழைய பாத்திரங்களும் அப்படியே இருக்கின்றன. துறவிகள் ஒரு காலத்தில் நோயாளிகளுக்கு இங்கே மருந்து தயாரித்தார்கள். இப்போது தேன், மூலிகை மது, களிம்பு விற்கிறார்கள். பிறகு மேலே நடந்து ஏறுங்கள். காட்டுப் பாதை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம், நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகலாம். கார்ச் சாலையும் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்றத்தை நடக்காவிட்டால் கமால்டொலியில் பாதியைத் தவறவிட்டதாகவே அர்த்தம்.

ஏனென்றால் அந்தக் காடுதான் இங்கே முக்கியம். தூண் தூணாக நிமிர்ந்து நிற்கும் வெள்ளி ஃபர் என்ற ஊசியிலை மரங்கள் தானாக முளைத்தவை அல்ல, துறவிகள் நட்டவை. மரம் நடுவதும் வெட்டுவதும் அவர்களுக்கு வழிபாட்டு ஒழுங்கோடு சேர்ந்தது. 1520-இல் அச்சான சபை விதிகளிலேயே ஃபர் மரங்களைக் காப்பது பற்றிய கட்டளைகள் இருக்கின்றன. மரம் விற்ற பணத்தில்தான் மடமும் நடந்தது, அதில் ஒளிவுமறைவு இல்லை. பக்கத்துக் காடுகளை ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் கட்டுமான நிர்வாகம் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கையில் வைத்திருந்தது. வெட்டிய மரத்தை மாடுகள் இழுத்து வந்து பிராத்தோவெக்கியோவில் சேர்க்க, அங்கிருந்து தெப்பமாகக் கட்டி ஆர்னோவில் மிதக்கவிட்டார்கள். மடத்துக் காடு 1866-இல் இத்தாலிய அரசின் கைக்குப் போனது. இன்று அது ஃபொரெஸ்தே கசெந்தினேசி தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. பூங்கா 1993-இல் அமைக்கப்பட்டது, பரப்பு 360 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

மேலே போனால் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருபது குடில்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் தனி வீடு. தனித் தோட்டம், தனிச் சுவர். உள்ளே போக அனுமதி இல்லை, கதவுக் கம்பி வழியாகக் கேமராவை நீட்டாதீர்கள். ரோமுவால்துவின் குடிலை மட்டும் பார்க்கலாம். உறங்கும் இடம், படிக்கும் மேசை, சிறு வழிபாட்டு அறை எல்லாம் குளிர் உள்ளே வராதபடி ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும். மலைக் குளிரைத் தெரிந்தவர்கள் கட்டியது. எதிரே உள்ள ஆலயம் பிற்காலத்து அலங்காரத்தோடு மின்னுகிறது, அந்தக் குடிலுக்கும் இதற்கும் ஒட்டவே இல்லை.

நம் ஊருக்கும் இந்த இடத்துக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் இருக்கும் சாந்திவனம், அதாவது சச்சிதானந்த ஆசிரமம், இந்தக் கமால்டொலி சபையைச் சேர்ந்தது. 1950-இல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. 1968-இல் பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸ் காலத்தில், 1980-களில், அது இந்தச் சபையோடு இணைந்தது. அங்கே போயிருப்பவர்கள் மடத்தில் பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள், உரையாடலுக்கு நல்ல தொடக்கம்.

மூன்றாம் நாள்: லா வெர்னா

கமால்டொலிக்கு நேர்மாறான இடம் இது. அங்கே ஒழுங்கும் மௌனமும். இங்கே பிளந்த பாறையும் யாத்திரிகர் கூட்டமும். 1213-இல் கியூசி ஊர்ப் பிரபு ஒர்லாந்தோ இந்த மலையைப் பிரான்சிஸ் அசிசியாருக்குக் கொடுத்தார். இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1224 செப்டம்பரில், இங்கே நோன்பிருந்தபோது அவர் உடலில் சிலுவையின் ஐந்து காயங்கள் தோன்றின என்பது கத்தோலிக்க நம்பிக்கை. செப்டம்பர் 17 அந்தத் திருநாள். அன்று போனால் பெரும் கூட்டம். பக்தர்களுக்கு அதுவே வேண்டியது, மற்றவர்கள் வேறு நாள் பாருங்கள்.

பேருந்து நிற்பது கியூசி தெல்லா வெர்னா ஊரில். அங்கிருந்து சாலையை விட்டுவிட்டுப் பழைய கல் பாதையில் ஏறுங்கள். தலைக்கு மேல் செங்குத்தான பாறைச் சுவரும், அதன் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மடமும் தெரியும். மேலே போனதும் முதலில் சிறிய கோயில், புனித மரியாள் பெயரில் பிரான்சிஸ் காலத்திலேயே எழுந்தது. பிறகு பெரிய ஆலயம். இங்கே கண்ணை நிறுத்த வேண்டியது அந்திரேயா தெல்லா ராப்பியாவின் சுடுமண் சிற்பங்களில். நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்கள், பளபளப்பான மேற்பூச்சு. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை; மலையின் ஈரத்தில் சுவரோவியம் உரிந்துவிடும், சுடுமண் அப்படியே நிற்கிறது. வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் சிற்பம் ஒன்று போதும், ஏறி வந்த சிரமம் தீரும்.

நேரத்தை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்: பிற்பகல் மூன்று மணிக்குப் பெரிய ஆலயத்தில் இருக்க வேண்டும். நாள்தோறும் அந்த நேரத்தில் துறவிகள் பாடிக்கொண்டே நீண்ட தாழ்வாரம் வழியாக ஐந்துகாயச் சிற்றாலயத்துக்குப் பவனி போகிறார்கள். யாரும் பின்னால் சேர்ந்துகொள்ளலாம். தாழ்வாரத்தில் ஒரு சிறு கதவு திறந்து பாறை இடுக்குக்குள் போகும். பிரான்சிஸ் படுத்த இடம் என்று காட்டுகிறார்கள், ஈரக் கல்தான் மெத்தை. சாஸ்ஸோ ஸ்பிக்கோ என்ற இடத்தில் ஒரு மாபெரும் பாறை தலைக்கு மேல் அந்தரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். படிகள் எப்போதும் வழுக்கும்.

பவனிக்கு முன் காலையில் பென்னா சிகரத்தைச் சுற்றி வாருங்கள் (சுமார் 1,280 மீட்டர்), இரண்டு மணி நேரம் போதும். பீச்சும் ஃபரும் கலந்து, பாசி படிந்து, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நிற்கின்றன. கமால்டொலித் துறவிகள் காட்டை நட்டு வளர்த்தார்கள்; பிரான்சிஸ்கன் துறவிகள் காட்டை அதன் போக்கில் விட்டார்கள். இரண்டு காட்டையும் அடுத்தடுத்த நாளில் நடந்து பார்த்தால் இரண்டு சபைகளின் மனமும் தெரியும். ஒரே நாளில் காரில் ஓடினால் இது கண்ணில் படவே படாது.

நான்காம் நாள் கிடைத்தால்

ஸ்தியாவிலிருந்து காலா கணவாய்க்கு (1,296 மீட்டர்) ஏறி, முகட்டுப் பாதையில் ஃபால்தெரோனா பக்கம் நடக்கலாம். ஊற்று வரை போய்த் திரும்ப முழுப் பகல் வேண்டும். ஆர்னோவின் ஊற்று பார்வைக்குச் சாதாரணம், பாறை நடுவே கசியும் நீர். ஏமாந்து திரும்பாதீர்கள், பக்கத்தில் ‘சிலைகளின் ஏரி’ இருக்கிறது. 1838-இல் இங்கே ஒரு ஆட்டுக்காரப் பெண்ணின் கண்ணில் ஒரு வெண்கலச் சிலை பட்டது. தோண்டிப் பார்த்தால் அறுநூறுக்கும் மேற்பட்ட சிறு சிலைகள். ரோமானியருக்கு முன் இந்தப் பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் நேர்த்திக்கடனாக நீரில் போட்டவை. கிறிஸ்தவம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இந்த மலை கும்பிடும் இடமாக இருந்திருக்கிறது. சிலைகள் லண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்கள் வரை சிதறிப் போய்விட்டன. இப்போது இருப்பது ஒரு சிறு குளம் மட்டுமே.

முகட்டுக்கு அந்தப் பக்கம் சாஸ்ஸோ ஃபிராத்தீனோ. 1959-இல் இத்தாலியின் முதல் முழுக் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது, 2017 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. ஐநூறு வயதைத் தாண்டிய பீச் மரங்கள் உள்ளே நிற்கின்றன. ஆராய்ச்சியாளர், காவலர் தவிர யாரும் போகக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்பாடும் சில நடைமுறைகளும்

உருளைக்கிழங்கு அடைத்த தோர்த்தெல்லி என்ற பாஸ்தா இந்தப் பகுதியின் பெயர்பெற்ற பண்டம். சைவக்காரர்கள் ‘சென்ஸா கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே இறைச்சிக் குழம்பை ஊற்றிவிடுவார்கள். ரொட்டியும் காய்கறியும் போட்ட அக்வாகோத்தா சூப், செஸ்ட்நட் மாவுப் பண்டங்கள் எல்லாம் கிடைக்கும். மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்குள் முடிந்துவிடும். சின்ன ஊர்களில் கடைகள் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை மூடிக் கிடக்கும். தண்ணீர், பழம், ரொட்டி பையில் இருக்கட்டும்.

ஆலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, தொப்பியை ஆண்கள் கழற்ற வேண்டும். காட்டுப் பாதைகளில் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள், அதைவிட்டு விலகாதீர்கள். மொபைல் சிக்னல் பல இடங்களில் கிடையாது. உண்ணி உண்டு, முழுநீளக் கால்சட்டை போடுங்கள். ஓநாய்கள் இருக்கின்றன, ஆனால் மனிதர் வாடை பட்டாலே விலகிவிடும். காளான் பறிக்க அனுமதிச் சீட்டு தேவை. அவசரத்துக்கு 112.

திரும்பும்போது ஸ்தியாவில் கம்பளித் துணி அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்கலாம். சுருள் சுருளான ஆரஞ்சு நிறக் கம்பளி இந்த ஊரின் அடையாளம், விலை கொஞ்சம் கடிக்கும். கால் வலுவும் நாளும் இருப்பவர்கள் அரெட்சோவுக்கு இறங்காமல் லா வெர்னாவிலிருந்தே அசிசி வரை நடக்கலாம். பிரான்சிஸ் பாதை என்று வழி நெடுக அடையாளம் போட்டிருக்கிறார்கள். டைபர் பள்ளத்தாக்கில் இறங்கி சான்செபோல்க்ரோ, குப்பியோ வழியாகப் போகும் அந்த நடைக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும்.